ஜெபமும் நிலுவையும்

அன்புள்ள சார்,

ஸ்தோத்திரம். என் பெயர் போட வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ குடும்பம், இப்போது கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

என் அம்மா விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பார்கள். முற்றம் தெளிக்கப் போவதற்குள் ஊரிலுள்ள நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், பட்டாளத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஜெபித்து முடித்திருப்பார்கள். ராத்திரி குடும்ப ஜெபம் முடியாமல் சாப்பாடு கிடையாது. நானோ ஆறு மணிக்கு அலாரத்தை அணைத்துவிட்டு ஓடுகிறவள். இரண்டு பிள்ளைகள், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், பிறகு ஆபீஸ். வேதாகமம் மொபைலில் இருக்கிறது. திறந்தால் வாட்ஸ்அப் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணீர் வருகிறது, திங்கட்கிழமை அதில் ஒன்றும் மிச்சமில்லை. தினமும் ஒரு மணி நேரமாவது ஜெபிக்காதவருடைய விசுவாசம் செத்த விசுவாசம் என்று ஒரு உபவாசக் கூட்டத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து தூக்கமே சரியில்லை.

மாதக் கடைசி வாரம் சுத்தமாக ஜெபிக்க முடிவதில்லை. சப்ளையர்களின் பில்லெல்லாம் என் வழியாகத்தான் போகும். பில் வந்து 90 நாள் கழித்துத்தான் பணம் என்பது கணக்கு, அதையும் இழுக்கச் சொல்வார்கள். சின்ன வொர்க்‌ஷாப்காரர்கள் போனில் கெஞ்சுவார்கள். "சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை", "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். அந்தப் படபடப்போடு வீட்டுக்கு வந்தால் ஜெபம் எப்படி வரும்? ஆபீஸில் யாரிடமும் நான் இயேசுவைப் பற்றிப் பேசியதும் இல்லை. என் பக்தி ஞாயிற்றுக்கிழமைச் சேலை மாதிரி ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் பக்தியாக இருப்பது எப்படி?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிகிற விஷயம். 1529ல் மார்ட்டின் லூதர் குடும்பத்தாருக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபத்துக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார். எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், விருப்பமிருந்தால் கூடவே ஒரு சின்ன ஜெபம். அப்புறம் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். இரவுக்கும் அப்படித்தான். முடித்த கையோடு நிம்மதியாகத் தூங்கிவிடச் சொல்கிறார். நிதானமாகச் சொன்னாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்தவற்றில் இந்த ஞானோபதேசமும் ஒன்று. ஒரு மணி நேரம் என்று உங்களைப் பயமுறுத்தியவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் அம்மாவின் நாலு மணியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊரின் பாரத்தைப் பெயர் பெயராகச் சுமந்த ஜெபம் அது, பெரிய காரியம். ஆனால் அவர் நாளும் உங்கள் நாளும் ஒன்றல்ல. இந்த இடத்தில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசிக்கொண்டிருந்த லாரன்ஸ் சகோதரரை உதாரணம் காட்டுவது வழக்கம். நல்ல உதாரணம்தான். ஆனால் அவர் துறவி, ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வருகிற கவலை அவருக்கு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது கண் நின்ற இடம் வேறு. ஜெபம் வராததற்குக் காரணமாக, போகிற போக்கில் மாதக் கடைசி பில் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, உங்கள் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் படபடப்பை இடைஞ்சல் என்று நினைத்துத் தள்ளாதீர்கள். உங்களுக்குள் சரியாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்று அது.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது: "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." விடியற்காலத்தில் எழுந்து ஜெபிக்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். அந்த நேரத்தில் நம் பெட்டியில் யாருடைய பணம் இருக்கிறது என்று வேதம் கேட்கிறது. ஏசாயா 58ல், உபவாசம் இருந்தோமே, ஏன் நீர் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்க, உபவாச நாளிலும் வேலைக்காரரை வதைக்கிறீர்களே என்று பதில் வருகிறது. யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் பிடித்துவைத்த கூலியே கூக்குரல் இடுகிறது. நம் சபைகளில் தசமபாகத்துக்குப் பிரசங்கம் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. கொடுக்க வேண்டிய கூலியைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் கேட்டது அபூர்வம். உண்டியலுக்கு மேலே பேசுவது சுலபம், கம்பெனி நடத்துகிற மூப்பருக்கு எதிரே நின்று சம்பளம் பற்றிப் பேசுவது கஷ்டம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதைத் தஞ்சாவூரை வைத்துச் சொன்னால் இன்னும் விளங்கும். சுவார்ட்ஸ் ஐயரின் பெயரைப் பள்ளிக்கூடப் பெயராகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரஷியாவில் பிறந்து, ஹாலேயில் படித்து, 1750ல் இங்கே வந்த மிஷனரி. 1798ல் தஞ்சையில் இறக்கும்வரை ஊருக்குத் திரும்பவே இல்லை. தமிழ், மராட்டி, பாரசீகம் எல்லாம் தெரியும். 1779ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அந்தப் பையை அப்படியே கம்பெனி அரசிடம் ஒப்படைக்கப் போனார் சுவார்ட்ஸ். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சையில் ஒரு இலவசப் பள்ளிக்கு அதை முதலாக வைக்கச் சொல்லிவிட்டார். யாரும் கணக்குக் கேட்காத 300 ரூபாய் அது.

அடுத்த ஆண்டே போர் வந்தது. ஹைதரின் படை சோழ நாட்டுக்குள் இறங்கியது, வயல்கள் பாழ், ஜனங்கள் ஓட்டம். தஞ்சைக் கோட்டைக்குள் இருந்த படைக்குச் சோறில்லை. சுற்றுவட்டாரத்தில் நெல் இல்லாமல் இல்லை. அதைக் கொண்டுவர மாடுகள்தான் கிடைக்கவில்லை. மாட்டுக்காரர்கள் வர மறுத்தார்கள், முன்பு வந்தபோது அதிகாரிகள் கூலியை விழுங்கிவிட்டார்களே! அரசர் துளஜா, எங்கள் எல்லாருடைய பேச்சும் செல்லாக்காசாகிவிட்டது, பாதிரியார் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்றாராம். இதை சுவார்ட்ஸே பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கூலிக்கு நான் பொறுப்பு என்று அவர் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. உபதேசிமார் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. சேர்ந்த பிறகு, சொன்ன கூலியை ஒருவர் விடாமல் கொடுத்துத் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பினார். போருக்குப் பின் கொடுமை தாங்காமல் ஓடிப்போன குடியானவர்களை அரசர் கூப்பிட்டும் அவர்கள் திரும்பவில்லை. இவர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்.

அந்த ஆயிரம் மாட்டுக்காரர்களுக்கு சுவார்ட்ஸ் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று தெரிந்திருக்காது. அவர் ஜெபிக்கிறவர்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்த ஜெபம் அவர்களை எட்டியது கூலி வடிவத்தில்.

அதே தஞ்சைச் சபையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சாமியார் கதை சொல்கிறேன் என்றாகிவிடும். அந்தத் தேவாலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சுவார்ட்ஸ் அதை அதட்டி மாற்றவில்லை. அவர் கையில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், இன்றும் நாம் கண் கலங்கிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர். 1833ல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது அதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பக்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணீர் உண்மையாக இருந்தும், பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற இடத்தை அது தொடாமலே போக முடிகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீர் திங்கட்கிழமை மிஞ்சவில்லை என்று நீங்கள் கவலைப்படும்போது, மிஞ்ச வேண்டியது கண்ணீர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் மேஜைக்கு வருவோம். நீங்கள் முதலாளி இல்லை, பாலிசியை நீங்கள் எழுதவில்லை, வேலையை விட்டுவிடுங்கள் என்று வீரவசனம் பேச நான் யார்? உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

போனில் சொல்கிற பொய்யை முதலில் நிறுத்தலாம். கையெழுத்து ஆகிவிட்டிருந்தால் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள். "இந்த மாதம் பணம் வராது, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான்" என்பது கசப்பான பேச்சு. ஆனால் அந்த வொர்க்‌ஷாப்காரர் அதை நம்பி வேறு இடத்தில் கைமாற்றாவது வாங்குவார், தன் ஆட்களுக்குத் தேதி சொல்வார். "நாளைக்குக் கேளுங்கள்" என்று பத்து நாள் அலையவிடுவதுதான் கொடுமை. சுவார்ட்ஸிடம் இருந்ததும் பணம் இல்லையே, பேச்சுதானே.

அப்புறம் வரிசை. யாருக்கு எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டாலும், எந்தக் கட்டு மேலே இருக்கிறது என்பது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள் கையில்தான். பெரிய கம்பெனிக்குப் பத்து நாள் தாமதம் வெறும் எண். நாலு பேரை வைத்து லேத் ஓட்டுகிறவருக்கு அது வாரச் சம்பளம்.

பாலிசியைப் பற்றியும் ஒன்று சொல்லலாம், அதற்கு இயேசுவின் பெயரை இழுக்க வேண்டியதே இல்லை. சிறு, குறு நிறுவனமாகப் பதிவு செய்த சப்ளையருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. கெடு தாண்டிவிட்டால், பணம் கொடுக்கும்வரை அதை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023 பட்ஜெட்டில் ஒரு திருத்தமும் கொண்டுவந்தார்கள். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தெந்தச் சப்ளையர் பதிவு செய்தவர் என்று ஒரு பட்டியல் போட்டு, உங்கள் 90 நாள் அவர்களுக்குச் செல்லாது என்று ஒரு மெயில் அனுப்புங்கள். தர்மம் பேசினால் மேனேஜர் கொட்டாவி விடலாம், வரி பேசினால் நிமிர்ந்து உட்காருவார். பாம்புகளைப்போல விவேகமுள்ளவர்களாக இருங்கள் என்று சொன்னவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

இதெல்லாம் செய்தும் நடக்காமல் போகலாம். அப்போது அந்தச் சப்ளையரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். உங்கள் அம்மா ஊரார் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள் இல்லையா, உங்கள் ஊர் இப்போது அந்த வெண்டர் பட்டியல்தான். பில்லைத் திறக்கிற நேரமே அதற்குப் போதும். "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கூடாரம் தைத்துக் கைவேலையில் சாப்பிட்ட மனிதர் எழுதியது அது, தையலை நிறுத்திவிட்டு ஜெபிக்கச் சொல்லியிருக்கமாட்டார்.

ஆபீஸில் சாட்சி சொல்லவில்லை என்ற வருத்தத்துக்கு இரண்டு வார்த்தை. துளஜா கிறிஸ்தவர் ஆகவில்லை. அவர் தத்தெடுத்த பிள்ளை சரபோஜி, சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தும் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனால் சுவார்ட்ஸின் கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர் சரபோஜிதான். பணிவு, நேர்மை, வேடமில்லாத குணம் என்றெல்லாம் அதில் அடுக்கியிருக்கிறார். பேச வேண்டிய சந்தர்ப்பம் வந்தால் நீங்களும் பேசுங்கள். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று சொன்ன வாயால் பேசுவதற்குத்தான் உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது என் ஊகம். அது மாறினால் இதுவும் மாறும்.

குடும்ப ஜெபத்தை விட்டுவிடாதீர்கள், நீளத்தை மட்டும் குறையுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சங்கீதம், ஒரு பரமண்டல ஜெபம். எதில் தொடங்கலாம் என்று கேட்டால் 15ஆம் சங்கீதத்தைச் சொல்வேன். கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்ற கேள்விக்கு, ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் என்று அதில் ஒரு பதில் இருக்கிறது. மொத்தம் ஐந்தே வசனம், தூங்கி வழிகிற பிள்ளையும் தாங்கும்.