காட்டு ஆப்பிள் இரண்டில் எதை விதைப்பது?

கேள்வி: மலேசியாவின் கேமரன் மலை ரிங்லெட்டில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் காய்கறி போடுகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் தங்கை மகள் வந்தபோது அங்கே ஒரு பூங்காவில் பொறுக்கிய காட்டு ஆப்பிள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று ஐரோப்பிய வகை, மற்றது சைபீரிய வகையாம். இரண்டும் ஒரே பையில் கலந்துவிட்டன. எப்படிப் பிரிப்பது? இங்கே காய்க்குமா?

பதில்: பழத்தைக் கவிழ்த்து, காம்புக்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள் ஐயா. கடை ஆப்பிளில் இருப்பதுபோல் காய்ந்த புல்லி இதழ்கள் ஒட்டியிருந்தால் ஐரோப்பிய வகை. உதிர்ந்துபோய் வட்டத் தழும்பு மட்டும் இருந்தால் சைபீரிய வகை. முதலாவது 2 முதல் 4 சென்டிமீட்டர் இருக்கும். கடித்தால் பல் கூசும். மற்றது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான், செர்ரிபோல நீளக் காம்பு. நிறத்தை நம்பாதீர்கள், சைபீரிய வகையிலும் சிவப்பு, மஞ்சள் இரண்டும் உண்டு. பூங்காப் பழம் என்பதால் இன்னொன்று: ஆப்பிள் இனங்கள் எளிதில் கலக்கும், விதை தாயைப் போலவே வருமென்ற உறுதி கிடையாது.

காய்ப்பதுதான் சிக்கல். ஆப்பிள் மொட்டு விழிக்க, நீண்ட நேரம் 7 பாகைக்குக் கீழான குளிர் வேண்டும். ரிங்லெட்டில் அது ஏது? சும்மா விட்டால் இலையாகவே நிற்கும். ஆனால் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பத்து (Batu) என்ற ஊரை ஒட்டிய மலைகளில், ஏறக்குறைய உங்கள் உயரத்திலேயே, ஆப்பிள் விளைவிக்கிறார்கள். பழம் பறித்ததும் இலைகளைக் கையாலேயே உருவிவிடுவார்கள். மரம் உறங்கப் போகுமுன் மொட்டு தளிர்த்துப் பூக்கிறது. அங்கே ரோம் பியூட்டி, அன்னா போன்ற ரகங்கள்தான், காட்டு வகை இல்லை.

ஆகவே காட்டு ஆப்பிளை வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்கு அடிச்செடியாக வளர்த்து, குளிர் குறைவாகக் கேட்கும் அன்னாவை ஒட்டுக் கட்டுங்கள். அதற்கு நான் சைபீரிய வகையைத்தான் எடுப்பேன். உறைபனி நாட்டு மரம்தான், ஆனாலும் வசந்தத்தில் முந்தித் தளிர்க்கும், அதாவது மொட்டு விழிக்க அதிகக் குளிர் கேட்காது. சுண்ணாம்பு மண்தான் அதற்கு ஆகாது. உங்கள் தேயிலை மண் புளிப்பு, பிரச்சினை இல்லை. ஐரோப்பிய வகையில் முள்ளும் இருக்கும்.

விதைக்குமுன் விவசாய இலாகாவில் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், பழத்தோடு நோயும் வரலாம். அவர்கள் சரி என்றால் சதையைக் கழுவி, விதையை ஈர மணலில் புதைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசர் வேண்டாம். சைபீரிய விதைக்கு ஒரு மாதம் போதும், ஐரோப்பிய விதைக்கு மூன்று மாதம் வரை ஆகும். அப்புறம் நடும்போது மண்ணை மேடாக்கி நடுங்கள். உங்கள் மழையில் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும்.