அப்பலாச்சிய மலைக்கு முதலில் வந்த மூதாதையரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?

கேட்டிருப்பவர் ஒரு தமிழ்ப் பெண். கணவர் வீட்டார் வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், ரஸ்ஸல் கவுண்டிக்காரர்கள் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). 1780வாக்கில் அந்த மலைக்கு வந்த முதல் ஆள் யார், எங்கிருந்து வந்தார் என்று கண்டுபிடிக்க ஆசைப்படுகிறார். "வம்சாவளித் தளங்களில் ஆளுக்கொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டிலோ பாட்டிக்குப் பாட்டி செரோக்கிப் பூர்வகுடி என்கிறார்கள். எதை நம்பித் தொடங்குவது?" என்பது கேள்வி.

நிலத்தைப் பிடியுங்கள். பெயரும் கதையும் பிறகு.

நான் வேலைக்காக வர்ஜீனியா வந்தவன். நண்பர் ஒருவரின் குடும்பத்துக்காகப் பழைய பத்திரப் பதிவேடுகளைப் புரட்டப் போய், அதிலேயே மூழ்கிவிட்டேன். அந்த மலைக்காரர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில் பதிவேடுகள் அபூர்வம். வர்ஜீனியா அரசு பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியதே 1853இல்தான். ஆனால் அவர்கள் அங்கே வந்தது நிலத்துக்காக, நிலம் என்று வந்துவிட்டால் காகிதம் இல்லாமல் நடக்காது. நம்மூரில் மனை வாங்கும்போது தாய்ப் பத்திரம் எங்கே, செக்குபந்தி சரியா, சாட்சி யார் என்று பார்ப்போமே, அதே கண்தான் இங்கேயும் வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். அதிபர் ஆபிரகாம் லிங்கனின் தாத்தா பெயரும் ஆபிரகாம் லிங்கன். 1744இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் பிறந்தவர். தந்தை ஜானின் குடும்பம் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் லின்வில் கிரீக் என்ற ஓடைக்கரைக்குக் குடிபெயர்ந்தது. பிறகு அந்த ஆபிரகாம் மலையைக் கடந்து கென்டக்கிக்குப் போனார். அப்பலாச்சியக் குடும்பங்களில் ஏராளமானவை வந்த வழியும் இதுதான்: பென்சில்வேனியாவிலிருந்து வண்டிப் பாதையில் தென்மேற்காகப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, அங்கிருந்து கம்பர்லண்டு கணவாயைத் தாண்டி மேற்கே.

பேரன் லிங்கன் 1848இல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் அவருடைய பூர்வீகத்தை விசாரித்து எழுதினார். லிங்கன் எழுதிய பதிலைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துவிடும். தாத்தா 1782வாக்கில் கென்டக்கிக்குப் போனார், இரண்டு ஆண்டில் பூர்வகுடியினர் அவரைக் கொன்றுவிட்டார்கள், அப்பா ஆறு வயதில் தகப்பனை இழந்து வறுமையில் படிப்பில்லாமல் வளர்ந்தார், அதனால்தான் குடும்பத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்கிறார். 1859இல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போதும் அதே நிலைதான். முன்னோர் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) என்பதுவரை தெரிந்திருந்தது. நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு இணைத்துப் பார்க்க முயன்றதில், ஏனோக், லேவி, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று பெயர்கள் ஒத்துப்போனதற்கு மேல் எதுவும் தேறவில்லை என்று எழுதினார்.

இனி தாத்தாவின் நிலக் காகிதத்துக்கு வருவோம். 1785 மே 7ஆம் தேதியிட்ட சர்வே. கென்டக்கியின் ஜெபர்சன் கவுண்டியில், லாங் ரன் ஓடைக்கரையில் 400 ஏக்கர். ஓடையோரம் நிற்கும், எழுத்துகள் வெட்டப்பட்ட ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்திலிருந்து எல்லை தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே 300 "போல்" (பழைய நில அளவு) சென்றால் பாப்லரும் சர்க்கரை மேப்பிளும், வடக்கே 213⅓ போல் சென்றால் பீச்சும் டாக்வுட்டும், மேற்கே 300 போல் சென்றால் வெள்ளை ஓக்கும் ஹிக்கரியும், பிறகு தெற்கே தொடங்கிய இடத்துக்கே. ஒரு போல் என்பது பதினாறரை அடி, 160 சதுர போல் ஒரு ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், 400 ஏக்கர் அச்சாக வரும்.

அந்த ஒரு தாளில் எவ்வளவு இருக்கிறது என்று கவனியுங்கள். நிலத்துக்காரர் பெயர் "லிங்க்ஹார்ன்" என்று எழுதப்பட்டிருக்கிறது. சர்வேயர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். தேடுபொறியில் "லிங்கன்" என்று மட்டும் அடித்தால் இந்தத் தாள் கண்ணில் படாமலே போகலாம். உங்கள் கணவரின் குடும்பப் பெயரை மலைக்காரர் வாயால் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று உரக்கச் சொல்லிப் பார்த்து, அத்தனை எழுத்திலும் தேடுங்கள். ஜெர்மன் குடும்பமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. முல்லர் மில்லராகவும், சிம்மர்மன் கார்பென்டராகவும் மாறியது சர்வசாதாரணம்.

அடுத்து, எல்லை மரங்களில் குறி வெட்டும் வேலையைச் செய்தவர் என்று அதே ஆபிரகாமின் பெயர் இருக்கிறது. ஆக 1785 மே மாதம் அவர் உயிரோடு, கையில் கோடரியோடு நின்றிருக்கிறார். அப்படியானால் 1784வாக்கில் கொல்லப்பட்டார் என்ற குடும்ப நினைவு பொருந்தாது. அவர் இறந்தது 1786 மே மாதம். குடும்பக் கதையில் கொலை உண்மை, ஆண்டுதான் தவறு. வீட்டுக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே எழுதிவைக்கவும் வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு உயிரான விஷயம். அளவுச் சங்கிலியைப் பிடித்தவர்கள் என்று இரண்டு பெயர் இருக்கிறது: அனனையா லிங்கன், ஜோசையா லிங்கன். சங்கிலி பிடிக்க ஊர் பேர் தெரியாதவரைக் கூப்பிட மாட்டார்கள். மகன், தம்பி, பங்காளி, மைத்துனர், பக்கத்து நிலத்துக்காரர், இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். உங்கள் மூதாதையரின் சர்வேயில் சங்கிலி பிடித்தவர்கள், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இட்டவர்கள், அக்கம்பக்க நிலத்துக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மலைக்கு யாரும் தனியாக வரவில்லை. கூட்டமாக வந்தார்கள், ஒரே ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். உங்கள் ஆள் எங்கிருந்து வந்தார் என்பது அவருடைய காகிதத்தில் இல்லாவிட்டால் சங்கிலி பிடித்தவருடைய காகிதத்தில் இருக்கும்.

பெண்கள் பெயர் இந்தப் பதிவுகளில் அடிக்கடி காணாமல் போகும். ஆனால் கணவன் நிலத்தை விற்கும்போது, அவன் இறந்தால் மனைவிக்கு வரவேண்டிய மூன்றில் ஒரு பங்கு ஜீவன உரிமையை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். அவளைத் தனியாக, கணவன் இல்லாமல் விசாரித்துப் பதிவார்கள். நீதிமன்றத்துக்கு வர முடியாதவர் என்றால் ஆட்கள் வீட்டுக்கே போவார்கள். லிங்கனின் பாட்டி பெர்ஷேபா என்ற பெயர் இந்த மாதிரிப் பதிவில்தான் இருக்கிறது. அவருடைய பிறந்த வீடு எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுங்காலச் சச்சரவு. அதிபரின் பாட்டிக்கே இந்தக் கதி என்றால் மற்ற பெண்களை எவ்வளவு பொறுமையாகத் தேடவேண்டும் என்று பாருங்கள்.

ஆபிரகாம் உயில் எழுதாமல் இறந்தார். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. அன்றைய சட்டப்படி நிலம் முழுவதும் மூத்த மகன் மொர்தெகாய்க்குப் போயிற்று. மூத்தவனுக்கே எல்லாம் என்ற விதியை நீக்கும் சட்டத்தை வர்ஜீனியா ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தாலும் அது நடைமுறைக்கு வந்தது 1787 தொடக்கத்தில். சில மாத வித்தியாசத்தில் இளைய மகன் தாமஸ், அதாவது அதிபரின் அப்பா, நிலமில்லாதவர் ஆனார். இதை நீங்களும் பயன்படுத்தலாம். 1787க்கு முன் இறந்தவருடைய நிலத்தை, வாங்கிய பத்திரமே இல்லாமல் ஒருவர் விற்றால், மூத்த மகனாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பின் என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களுடைய கணவன்மார் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு விற்றிருப்பார்கள். அப்படி ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தால் ஒரு தலைமுறை முழுவதும் ஒரே பக்கத்தில் கிடைத்த மாதிரி.

லிங்கன் விட்ட இடத்திலிருந்து பின்னால் வந்த ஆய்வாளர்கள் முடித்ததும் நிலத்தை வைத்துத்தான். தாத்தாவின் தாத்தா மொர்தெகாய் 1736இல் பெர்க்ஸ் பகுதியில் இறந்தார். அவருடைய உயிலில் மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர் எழுதி வைத்திருந்தார். பென்சில்வேனியாக்காரர் ஏன் ஜெர்சியில் நிலம் வைத்திருக்கிறார் என்று அந்த நிலத்தின் பின்னால் போனால், அங்கிருந்து மாசசூசெட்ஸுக்கும், 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து வந்து ஹிங்கமில் குடியேறிய சாமுவேல் லிங்கனுக்கும் வழி திறக்கிறது. ஒத்துப்போன பெயர்கள் வெறும் குறிப்பு. இணைப்பை நிரூபித்தது காகிதம்.

சரி, உங்கள் ரஸ்ஸல் கவுண்டி. அங்கே இருக்கும் பெரிய சிக்கல், இருந்த இடத்தை விட்டு நகராமலேயே ஒருவர் நான்கைந்து கவுண்டிகளில் வாழ்ந்திருப்பார். 1769இல் அந்தப் பகுதி அகஸ்டா கவுண்டி. 1770இல் பாட்டடாட், 1772இல் ஃபின்காசில், 1777இல் வாஷிங்டன், 1786இல் ரஸ்ஸல். கவுண்டி பிரிந்தபோது பழைய பதிவேடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. ஆகையால் 1786க்கு முந்தையதை ரஸ்ஸலில் தேடிப் பயனில்லை. வாஷிங்டன் கவுண்டியின் தலைநகர் ஆபிங்டனில் தேடவேண்டும், அதற்கும் முன்னால் அகஸ்டாவின் தலைநகர் ஸ்டான்டன் வரை போகவேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கு உங்களை 1850 வரை அழைத்துப்போகும். சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் பெயரிட்டு எழுதிய முதல் கணக்கு அது. அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயரும், மற்றவர்கள் வயதுவாரியான எண்ணிக்கையும் மட்டுமே. வர்ஜீனியாவின் 1790 கணக்கு கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை அடைப்பவை 1782இல் தொடங்கும் வரிப் பட்டியல்கள். ஆண்டுதோறும் இருப்பதால் கணக்கெடுப்பைவிட இவை எனக்குப் பிடிக்கும். ஒரு பையன் 21 வயதானதும் தன் பெயரில் முளைப்பான். ஒரு கிழவர் பெயர் மறைந்து அடுத்த ஆண்டு "விதவை" என்று வந்தால் அவர் இறந்த ஆண்டு கிடைத்துவிட்டது. சில பட்டியல்களில் வரி அதிகாரி எந்தத் தேதியில் வந்தார் என்றும் இருக்கும். ஒரே தேதிக்காரர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்.

அந்தப் பட்டியல்களில் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களும் வரிக்குரிய சொத்தாக எழுதப்பட்டிருப்பார்கள், சில இடங்களில் பெயரோடு. உயில்களிலும் அப்படியே. அப்படி ஒரு பெயர் கண்ணில் பட்டால் தயவுசெய்து அதையும் படியெடுத்து, தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் நாட்டின் கணக்கெடுப்பில் முழுப் பெயரோடு முதன்முதலில் வருவது 1870இல்தான். அதற்கு முந்தைய ஒரே தடயம் உங்கள் கையில் இருக்கும் அந்த வரியாகவே இருக்கலாம்.

உங்கள் ஆள் சுதந்திரப் போர்க் காலத்தில் இளைஞராக இருந்து, 1832 வரை வாழ்ந்திருந்தால் யோகம். அந்த ஆண்டு ஜூன் 7இல் வந்த சட்டம் உள்ளூர்ப் படையில் ஆறு மாதம் இருந்தவர்களுக்கும் ஓய்வூதியம் தந்தது. சம்பளப் பட்டியல் இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் நின்று வாய்மொழியாகச் சொல்லவேண்டும். எங்கே எந்த ஆண்டு பிறந்தீர், வயதுக்கு ஆதாரம் உண்டா, படைக்குப் போனபோது எங்கே குடியிருந்தீர், பிறகு எங்கெல்லாம் வாழ்ந்தீர் என்று வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வாஷிங்டன் கவுண்டி ஆட்கள் 1780 அக்டோபர் 7இல் கிங்ஸ் மவுண்டனில் சண்டையிட்டவர்கள் என்பதால் உங்கள் பகுதிக்கு இப்படிப்பட்ட வாக்குமூலங்கள் கிடைக்க நல்ல வாய்ப்பு. விதவைகள் திருமணத்தை நிரூபிக்க, பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய பைபிள் தாளையே கிழித்து அனுப்பியதும் உண்டு. அந்தத் தாள்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன.

செரோக்கிப் பாட்டி கதை அந்த மலையில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. 1906க்கும் 1909க்கும் இடையே கிழக்குச் செரோக்கியருக்கான இழப்பீட்டுத் தொகையில் பங்கு கேட்டு சுமார் 45,000 மனுக்கள் வந்தன. பெரும் பகுதி நிராகரிக்கப்பட்டது. உங்கள் குடும்பத்தார் மனுச் செய்திருந்தால் அது நிராகரிக்கப்பட்டதாக இருந்தாலும் தேடி எடுங்கள். தாத்தா, பாட்டி, அவர்களுடைய உடன்பிறப்புகள் என்று பெயர்களை அந்த மனுவிலேயே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மரபணுச் சோதனை செய்வதானால் உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யாதீர்கள். மாமனார் தலைமுறையில் உயிரோடிருக்கும் மூத்தவருக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி கழிந்துவிடும். 1780களின் ஆளைத் தொடுவதற்கு, தந்தை வழியில் மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனைதான் ஓரளவு கைகொடுக்கும்.

வர்ஜீனியா மாநில நூலகம் நிலப் பட்டாக்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கவுண்டிப் பதிவேடுகள் பல ஃபேமிலிசர்ச் தளத்தில் உண்டு, அதற்கும் கட்டணமில்லை. முதலில் 1880 கணக்கெடுப்பிலிருந்து 1850க்குப் பின்னோக்கிப் போங்கள், பிறகு ரஸ்ஸலின் பத்திரங்களில் குடும்பம் எந்த ஓடைக்கரையில் இருந்தது என்று பாருங்கள். ஓடையின் பெயர் கிடைத்ததும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள், 1782 வரிப் பட்டியலில் அந்த ஓடைக்காரர்களை நானும் சேர்ந்து தேடுகிறேன்.