சொந்தமா லைசன்ஸ் எழுத வேணாமே

கேள்வி: சார், நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து, பழைய பாமினி ஃபாண்ட்ல அடிச்சு வச்ச மேட்டர எந்த மெஷின்லயும் தெரியற யூனிகோடுக்கு மாத்தற சின்ன கோட் எழுதி கிட்ஹப்ல (கோட் பகிர்ந்துக்கற வெப்சைட்) பப்ளிக்கா போட்டோம். எங்க தெரு டிடிபி கடைக்காரர்கூட அதத்தான் யூஸ் பண்றார். யார் எப்படி யூஸ் பண்ணலாம்னு சொல்ற லைசன்ஸ்னு எதுவும் போடல. "யார் வேணா எடுத்துக்கலாம், ஆனா காசு பண்ணக்கூடாது"ன்னு நாங்களே ரெண்டு வரி எழுதிட்டா போதுமா?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: வேணாங்க, தயவுசெஞ்சு எழுதாதீங்க. அந்த டிடிபி கடைக்காரர் பக்கத்துக்கு இவ்ளோன்னு காசு வாங்கித்தானே வேலை செய்றார், அப்போ நீங்க எழுதற அந்த ரெண்டாவது வரி முதல்ல அவரத்தான் அடிக்கும், யாருக்காக உக்காந்து எழுதினீங்களோ அவரையே. காசு பண்ணக்கூடாதுன்னு சொன்னா அது ஓப்பன் சோர்ஸே கிடையாது, ஓப்பன் சோர்ஸ்னா யார் வேணா எடுத்து மாத்தலாம், காசுக்கும் யூஸ் பண்ணலாம்.

இப்ப எதுவுமே போடாம இருக்கறதும் தப்புதான். நம்ம 1957 காப்பிரைட் சட்டப்படி ப்ரோக்ராமும் ஒரு இலக்கியப் படைப்பு மாதிரிதான், எழுதினவங்களுக்கே சொந்தம், பப்ளிக்கா போட்டுட்டதால மட்டும் மத்தவங்க எடுத்து மாத்தி யூஸ் பண்ற உரிமை வந்துடாது.

நான் பல வருஷம் முன்னாடி ஒரு கீபோர்ட் கோடுக்கு நாலு வரி சொந்தமா எழுதினேன். அப்புறம் ஒருத்தர் "இத என் ப்ராஜெக்ட்ல சேர்க்கலாமா"ன்னு கேட்டப்போ என் வரிக்கு என்ன அர்த்தம்னு எனக்கே சொல்லத் தெரியல, சரி எம்ஐடிங்கற ரெடிமேட் லைசன்ஸுக்கு மாத்திடலாம்னா, அதுக்குச் சம்மதம் கேட்க என்கூட எழுதினவங்கள்ல ஒருத்தரப் பிடிக்கவே முடியல, கடைசில அவர் எழுதின பகுதிய மட்டும் திரும்ப எழுதினோம், முழுசா ரெண்டு வாரம் போச்சு. அதனால மூணு பேரும் எந்த லைசன்ஸ்னு இப்பவே ஒத்துக்கோங்க. யாராவது ஆபீஸ் வேலையா எழுதியிருந்தா அது கம்பெனிக்குச் சொந்தமாயிருக்கலாம், அதையும் கேட்டுக்கோங்க.

எத போடறது? யார் என்ன பண்ணாலும் சரி, எங்க பேரும் அந்த லைசன்ஸ் வரிகளும் கூடவே இருந்தா போதும்னா எம்ஐடி, ஒரே பக்கம், படிச்சாலே புரியும், ஏதாவது கெட்டுப்போனா நாங்க பொறுப்பில்லன்னும் அதுலயே இருக்கு. எவனாவது எடுத்து கோட மூடி வச்சு வித்துடுவானோங்கறதுதான் பயம்னா 2007ல வந்த ஜிபிஎல் 3ங்கற லைசன்ஸ். விக்கலாம், ஆனா வாங்கறவருக்கு சோர்ஸ் கோடும், அதாவது எழுதின மூல கோடும் குடுக்கணும். வெப்சைட்டா ஓட்டறவங்களையும் அது பிடிக்கணும்னா அதோட இன்னொரு வடிவமான ஏஜிபிஎல். பேட்டன்ட் (கண்டுபிடிப்பு உரிமை) கவலை இருக்கறவங்களுக்கு அப்பாச்சி 2.0ங்கற லைசன்ஸ், உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்க மேட்டருக்கு நான் எம்ஐடிதான் சொல்வேன். கிட்ஹப்ல புது ஃபைலுக்கு லைசன்ஸ்னு இங்கிலீஷ்ல பேர் அடிச்சாலே டெம்ப்ளேட் பட்டன் வரும், வருஷமும் மூணு பேர் பேரும் போடுங்க. கடைக்காரருக்கு அடுத்த காப்பி குடுக்கறப்போ அந்த ஃபைலையும் சேர்த்தே பென்ட்ரைவ்ல போட்டுக் குடுங்க.