துடைப்பம் குளத்தைக் காப்பாற்றாது: கம்பியில்லா ரோபோ பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும், பேட்டரியில் ஓடும் ரோபோவைப் பற்றியவை. ஒரே சந்தேகத்தை வேறுவேறு சொற்களில் எழுதியவர்களுக்குச் சேர்த்தே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: புது ரோபோ. தண்ணீரில் விட்டால் மூழ்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, வயிற்றில் காற்று. கூடையிலும் உடலின் இடுக்குகளிலும் அடைபட்ட காற்று வெளியேறினால்தான் அது கீழே போகும். கைப்பிடியைப் பிடித்து நீர்மட்டத்துக்குக் கீழே அமுக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சாய்த்துக் கொடுங்கள். குமிழி நின்றதும் கையை விடலாம். அரை நிமிட வேலை. கரையில் நின்று தொப்பென்று போடுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அப்படிப் போட்டால் ஒருநாள் டைல்ஸோ ரோபோவின் சக்கரமோ உடையும்.

கேள்வி: தண்ணீருக்குள் போனதும் கைபேசிச் செயலியோடு இணைப்பு அறுந்துவிடுகிறது. ரௌட்டரை குளத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

பதில்: ரௌட்டரைக் குளத்துக்குள்ளேயே வைத்தாலும் பயனில்லை. வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் அலைகளைத் தண்ணீர் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடும். தரை மட்டுமா, சுவரும் சேர்த்தா, எத்தனை நேரம் என்பதையெல்லாம் கரையிலேயே அமைத்துவிட்டு இறக்குங்கள்.

கேள்வி: ரோபோ ஓடி முடித்ததும் தரை சுத்தமாக இருக்கிறது. மறுநாள் காலையில் அதே இடத்தில் மெல்லிய தூசிப் படலம். கூடையில் இலை மட்டும்தான் சிக்குகிறது.

பதில்: கூடவே வருகிற சாதாரணக் கூடையின் கண் ஏறத்தாழ 180 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இலை, பூச்சி, பருமணல் இவற்றுக்கு அது போதும். உங்கள் தூசி அதைவிட நுண்ணியது. முன்னால் உறிஞ்சப்பட்டுப் பின்னால் புகையாகக் கக்கப்படுகிறது. இரவில் அது படிகிறது, காலையில் நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். நுண்வடிகட்டி தனியாகக் கிடைக்கும். மாதிரியைப் பொறுத்து 3 மைக்ரான் முதல் 50 மைக்ரான் வரை. ஆனால் அதை முதல் சுற்றிலேயே மாட்டாதீர்கள், 20 நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். முதலில் பெருங்கண் கூடையோடு ஒரு சுற்று, கூடையைக் கழுவிவிட்டு நுண்வடிகட்டியோடு அடுத்த சுற்று. ஓட்டுவதற்கு 2 மணி நேரம் முன்பே பம்ப்பை நிறுத்திவிட்டால் மிதக்கிற தூசி தரைக்கு வந்துவிடும், ரோபோ ஓடுகிற நேரத்திலும் நீரோட்டம் அதைக் கலைக்காது. அந்தச் சில மணி நேரம் மட்டும். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: ரோபோ வாங்கியதிலிருந்து வடிகட்டி பம்ப்பை வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓட்டுகிறேன். தரை பளிச்சென்று இருக்கிறது. தண்ணீர் மட்டும் மங்கல், கண் எரிச்சல், குளோரின் நெடி வேறு. குளோரினைக் குறைத்துப் பார்த்தேன், சரியாகவில்லை. ரோபோவுக்கு இன்னும் நுண்ணிய வடிகட்டி வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். பம்ப்பைப் போடுங்கள்.

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது. "ரோபோ ஓடும்போது பம்ப்பை நிறுத்துங்கள்" என்றால் "ரோபோ வந்துவிட்டது, இனி பம்ப் வேண்டாம்" என்று எப்படிக் காதில் விழுகிறதோ தெரியவில்லை. ரோபோ ஒரு துடைப்பம். நல்ல துடைப்பம்தான், ஆனால் துடைப்பம்தான். தரையில் கிடப்பதை அள்ளும், சுவரைத் தேய்க்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் வியர்வை, சிறுநீர், சருமப் பூச்சு எண்ணெய் எதையும் எந்த வலையாலும் பிடிக்க முடியாது. அவற்றைச் சிதைப்பது குளோரின். அந்தக் குளோரினை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பம்ப். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் மகரந்தத்தையும் அடியில் படிவதற்கு முன்பே ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் உள்ள உறிஞ்சு வாய்) வழியாக இழுப்பதும் பம்ப்தான்.

கணக்காகப் பாருங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் 48,000 லிட்டர். 50,000 என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப்புக்கு ஒரு முழுச் சுற்றுக்கு 5 மணி நேரம். அதிலும் வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் குளத்து நீரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் உண்மையில் வடிகட்டி வழியாகப் போயிருக்கும். இரண்டாவது சுற்றில்தான் அது 85 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே வெயில் காலத்தில் நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம். ரோபோவின் பெட்டியில் "மணிக்கு 15,000 லிட்டர்" என்று அச்சிட்டிருக்கிறதே என்பீர்கள். ரோபோ ஓடுவது 2 மணி நேரம், அதுவும் பெரும்பாலும் அடிமட்டத்துத் தண்ணீரையே திரும்பத் திரும்ப, சல்லடைக் கண் வழியாக. மணல் வடிகட்டி 20 முதல் 40 மைக்ரான் வரை பிடிக்கும். இரண்டும் ஒன்றல்ல.

இப்போது உங்கள் நெடி. குளோரின் அதிகமானால்தான் நாற்றம் வரும் என்று நினைத்துக் குறைத்தீர்கள், நடந்தது நேர்மாறு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு சேர்ந்து செலவாகிப்போன குளோரின்தான், அதாவது குளோரமின், கண்ணைக் கரிக்கும், மூக்கைத் துளைக்கும். வேலை செய்யும் குளோரின் போதாமல் போனதன் அடையாளம் அது. சோதனைப் பெட்டியில் தனிக் குளோரினையும் (இன்னும் செலவாகாதது) மொத்தக் குளோரினையும் அளந்து, மொத்தத்திலிருந்து தனியைக் கழியுங்கள். வித்தியாசம் அரை பிபிஎம்மை (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அதிர்ச்சிக் குளோரின் தேவை, அதாவது ஒரே தடவையில் பெரிய அளவு. அளவு, அந்த வித்தியாசத்தைப் போல் 10 மடங்கு. வித்தியாசம் 1 என்றால் 10 பிபிஎம். உங்கள் 50,000 லிட்டருக்கு 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மாத்திரைக் குளோரின் போட்ட அதே வாளியைத் தொடவே தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். பொழுது சாய்ந்தபின் ஊற்றுங்கள், இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும். ரோபோ அப்போது கரையில் இருக்க வேண்டும். தனிக் குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கியபின் உள்ளே விடலாம். அதிகக் குளோரின் ரப்பர் வாஷரையும் சக்கரப் பட்டையையும் அரித்துவிடும்.

கேள்வி: ரோபோ சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

பதில்: சரியாக எழுதுங்கள். எந்த மாதிரி, எத்தனை மாதம் ஆகிறது, எந்த விளக்கு எரிகிறது, ஓடவில்லையா, உறிஞ்சவில்லையா, ஏறவில்லையா? கூடையைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: குளம் பச்சையாகிவிட்டது. ரோபோவைத் தொடர்ந்து நான்கு முறை ஓட்டியும் பச்சை போகவில்லை.

பதில்: உயிருள்ள பாசியை ரோபோ அள்ளாது, கிளறி எல்லா இடத்துக்கும் பரப்பும். முதலில் அதைக் கொல்ல வேண்டும். பிஎச்சை (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 பக்கம் கொண்டுவாருங்கள். 8-க்குப் பக்கத்தில் இருந்தால் குளோரினின் வீரியம் பெரிதும் குறைந்துவிடும். நீளக் கம்பு பிரஷால் சுவரையும் படிக்கட்டையும் கையாலேயே தேயுங்கள். அதிர்ச்சிக் குளோரின் போட்டு 24 மணி நேரம் பம்ப்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள். வடிகட்டியின் அழுத்தம் சாதாரண நிலையிலிருந்து 0.5 பார் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு வடிகட்டியைக் கழுவுவது. செத்த பாசி சாம்பல் நிறத்தில் அடியில் படிந்த பிறகுதான், குளோரினும் இறங்கியிருந்தால், ரோபோவின் முறை. நுண்வடிகட்டி மாட்டி, கால் மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவிக் கழுவி ஓட்டுங்கள். தரையே தெரியாத அளவு கலங்கலாக இருந்தால் ரோபோவை இறக்கவே வேண்டாம், எங்கே சிக்கியது என்று தேடக்கூட முடியாது.

கேள்வி: முதல் மூன்று மாதம் சுவர் ஏறியது. இப்போது ஓர் அடி ஏறிச் சறுக்கி விழுகிறது.

பதில்: சுவரில் ஒட்டி நிற்க வைப்பது ரோபோ உறிஞ்சி வெளியே தள்ளும் நீரின் விசை. அது குறைந்தால் சறுக்கும். வரிசையாகப் பாருங்கள்: கூடை அடைப்பு, பிறகு மேலே நீர் வெளியேறும் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து, நீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரில் முடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்று, பிறகு பட்டைகளின் பல் தேய்ந்திருக்கிறதா என்று. திறக்கும் முன் ரோபோவை அணைக்க வேண்டும், இதை மறந்து விரலை விடுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் சரி என்றால் சுவரைக் கையால் தடவுங்கள். வழுவழுவென்றால் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம், குளோரினைக் கவனியுங்கள். சுவர் மெருகேறிய டைல்ஸ் என்றால் ரப்பர் பிரஷுக்குப் பதிலாகப் பஞ்சு பிரஷ் மாட்டினால் பிடிப்பு கிடைக்கும்.

கேள்வி: வாங்கும்போது 2 மணி நேரம் ஓடியது. 14 மாதத்தில் 50 நிமிடமாகிவிட்டது. தினமும் ஓட்டுகிறேன், ஓடி முடித்தவுடன் அங்கேயே வெயிலில் சார்ஜ் போட்டுவிடுகிறேன்.

பதில்: கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். லித்தியம் அயான் பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குள் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழப்பது இயல்பு. தினமும் ஓட்டினால் 14 மாதத்தில் 400 சுற்று. அதோடு வெயில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரிக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி இல்லை. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை ஓட்டினாலே ஒரு வீட்டுக் குளத்துக்குப் போதும். சக்கர அச்சிலும் பிரஷ் உருளையின் முனையிலும் முடி சுற்றியிருந்தாலும் மோட்டார் திணறி பேட்டரியைக் குடிக்கும். அதை அறுத்தெடுத்துவிட்டு ஒருமுறை நேரம் பாருங்கள். அப்படியும் ஓடும் நேரம் கூடவில்லை என்றால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான், அதுவும் சேவை மையத்தில். உறையை நீங்களே திறந்தால் நீர்புகா ரப்பர் வளையம் மறுபடி சரியாக உட்காராது.

சார்ஜ் போடும் முறையை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: எடு, கழுவு, துடை, காயவிடு, அதன் பிறகே சார்ஜ். சார்ஜ் போர்ட்டின் மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரு துளி ஈரம் தெரிந்தால்கூட உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் ஏறினால் ஊசிகள் பச்சை பூத்து அரிக்கும். சார்ஜரும் குளத்தின் ஓரத்தில் கிடக்கக் கூடாது. தண்ணீர் தெறிக்காத, காற்றோட்டமுள்ள நிழலில் இருக்க வேண்டும். பேட்டரிப் பகுதி உப்பியிருந்தாலோ, சார்ஜில் இல்லாதபோதும் சுட்டாலோ மறுபடி சார்ஜ் போடவே கூடாது. எரியும் பொருள் இல்லாத திறந்த இடத்தில் வைத்து, பேட்டரி சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் அல்ல.

கேள்வி: கம்பியே இல்லையே, ரோபோ ஓடும்போது பிள்ளைகள் குளிக்கலாமா?

பதில்: கூடாது. விரல், தலைமுடி, நீச்சலுடையின் நாடா எல்லாம் உறிஞ்சு வாயில் சிக்கும்.

கேள்வி: எங்களுடையது உப்பு நீர்க் குளம். ரோபோ கெட்டுவிடுமா?

பதில்: உப்பு நீர்க் குளத்தின் அளவு வழக்கமாக 3,000 முதல் 3,500 பிபிஎம். பல ரோபோக்கள் 5,000 வரை தாங்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. உப்பு மூட்டையைக் கொட்டிய அன்று மட்டும் ரோபோவை இறக்காதீர்கள், கரையாத உப்பு அடியில் குவிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்ததும் நன்னீரில் உடலையும் சார்ஜ் போர்ட்டின் வெளிப்புறத்தையும் அலசுங்கள். அப்புறம் துடை, காயவிடு, சார்ஜ்.

கேள்வி: வெளியே தூக்கும்போது அள்ளிய அழுக்கெல்லாம் குளத்திலேயே கொட்டிவிடுகிறது.

பதில்: வேகமாக இழுக்கிறீர்கள். கொக்கியால் நீர்மட்டம் வரை கொண்டுவந்து, விளிம்பில் 15 விநாடி சாய்த்துப் பிடித்து நீரை வடியவிட்டு, பிறகு தூக்குங்கள். மெதுவாகத் தூக்கியும் கொட்டினால் அடியில் உள்ள உறிஞ்சு வாயின் மடிப்பு மூடியைப் பாருங்கள். ஒரு குச்சியோ கல்லோ இடறி அது முழுதாக மூடாமல் இருக்கும், அல்லது கிழிந்திருக்கும். சிறிய துண்டுதான், தனியாக மாற்றலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் எடுப்பது சிரமம். குளத்திலேயே விட்டுவைத்தால் என்ன?

பதில்: கூடையில் ஊறும் இலை அழுகிக் குளோரினைத் தின்னும். உடலும் ரப்பரும் நாள் முழுக்க ரசாயனத்தில் கிடக்கும். தண்ணீரிலேயே நிறுத்திவைக்க என்று வடிவமைத்த மாதிரிகள் சில உண்டு. உங்களுடையது அதில்லை என்றால் எடு, கழுவு, துடை.

கேள்வி: நான்கைந்து மாதம் குளத்தை மூடிவைக்கப் போகிறோம். ரோபோவை முழுச் சார்ஜில் வைப்பதா, காலியாக்கி வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம், பாதி. காலியாக விட்டால் தானாகக் கசியும் கொஞ்ச நஞ்சமும் போய், மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு சார்ஜரே அதை ஏற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றிவையுங்கள். கூடை, பிரஷ் எல்லாம் ஈரமே இல்லாமல் காய்ந்த பிறகு, பட்டைகள் நசுங்காதபடி நிழலான அறையில் வைக்கவும்.

கேள்வி: படிக்கட்டும் ஏணிக்குப் பின்னால் உள்ள மூலையும் எப்போதும் விட்டுப்போகிறது. வேறு ரோபோ வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கம்பு பிரஷ், 5 நிமிடம், ரோபோவை இறக்குவதற்கு முன்பு.