ஊரை விட்டுக் கூட்டமாக வாழப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கூட்டு வாழ்க்கைக் குழு ஒன்றில் சில காலம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஆறு நண்பர்கள். வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கி, பழங்குடிகள் மாதிரி எளிமையாக வாழப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

நிலத்திலிருந்து தொடங்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுப்பு, ஒரே கல்லாப்பெட்டி என்று ஒரு வருடம் இருந்து பாருங்கள். தத்துவத்தில் யாரும் சண்டை போடுவதில்லை, ராத்திரி அடிப்பிடித்த பாத்திரத்தை யார் தேய்ப்பது என்பதில்தான் முகம் சுளிப்பு ஆரம்பிக்கும். அதைத் தாண்டிவிட்டால் நிலம் பார்க்கலாம். அப்போதும் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தால் மற்ற ஐந்து பேரும் அவர் வீட்டு விருந்தாளிகள்தான், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அறக்கட்டளையோ கூட்டுறவுச் சங்கமோ ஒன்றைப் பதிவு செய்து அதன் பெயரில் வாங்குங்கள். விலகுகிறவருக்கு எவ்வளவு பணம், எத்தனை தவணையில் என்பதை எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பழங்குடிகளிடம் பொறாமை, தலைக்கனம் எல்லாம் கிடையாதாமே?

அவர்களும் மனிதர்கள்தானே! தலைக்கனம் வரும் என்று தெரிந்துதான் அதை அடக்க வழி வைத்திருக்கிறார்கள். தெற்கு ஆப்பிரிக்காவில் கலஹாரி பாலைவனத்தில் வாழும் ஜூ ஹோன்சி என்ற வேட்டைப் பழங்குடி மக்களிடம் ஒருவன் பெரிய விலங்கை வேட்டையாடிவிட்டு வந்தால் பாராட்டு கிடைக்காது. "இந்த எலும்புக்கூட்டைச் சுமக்கவா எங்களைக் கூப்பிட்டாய்" என்கிற மாதிரி கிண்டல்தான். கொழுத்த விலங்காக இருந்தாலும் அப்படித்தான், அவனும் "ஆமாம், ஒன்றுக்கும் உதவாதது" என்று சொல்லிவிட வேண்டும். கறியைப் பங்கு போடும் உரிமை அந்த விலங்கை வீழ்த்திய அம்பு யாருடையதோ அவருக்குப் போகும். அம்புகளையோ ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஆகவே வேட்டைக்கே வராத ஒரு பெரியவர் பங்கு போடுவதும் உண்டு. பகிர்வு நல்ல மனசை மட்டும் நம்பி நடப்பதில்லை, ஏற்பாடு வேண்டும். குடிசையையும் வில்லையும் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி: எத்தனை பேர் இருந்தால் சரியாக வரும்?

ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சொத்தைப் பொதுவில் வைத்துப் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஒரு குடியிருப்பில் சுமார் 150 பேர் ஆகும்போது புது நிலம் வாங்கி இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். அது மேல் எல்லை. ஆறு பேர் என்பது கீழே ரொம்பக் குறைவு, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனால் கதை முடிந்தது.

கேள்வி: உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை என்ன செய்வது?

கணக்கு வையுங்கள், வெட்கப்படாதீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் குழுவில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உண்டு. சமையல், பாத்திரம், குழந்தை பார்ப்பது எல்லாமே அதில் சேரும். ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்காத வேலைக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் எந்த வேலையானாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான் என்று ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி: பணமே இல்லாமல் முடியுமா?

முடியாது. வரி, மருந்து, மூக்குக்கண்ணாடி இதெல்லாம் தோட்டத்தில் விளையாது. ட்வின் ஓக்ஸ்காரர்களே வலை ஊஞ்சல் பின்னி விற்றுத்தான் வளர்ந்தார்கள்.

கேள்வி: குழந்தைகளை எல்லோரும் சேர்ந்து வளர்க்கலாம் இல்லையா? எனக்குப் பிடித்ததே அதுதான்.

சேர்ந்து வளர்ப்பது வேறு, பெற்றவர்களிடமிருந்து பிரிப்பது வேறு அம்மா. இன்றைய இஸ்ரேலில் உள்ள டெகானியாவில் 1910-இல் தொடங்கியது கிப்புட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பு இயக்கம். அதில் பிற்பாடு பெரும்பாலான குடியிருப்புகளில் குழந்தைகள் தனி இல்லத்தில்தான் தூங்கினார்கள். பெற்றோர் சாயங்காலம் சில மணி நேரம் கொஞ்சிவிட்டு, தூங்கும் நேரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். பெண்களிடமிருந்தே எதிர்ப்பு வலுத்தது, 1990-களின் இறுதிக்குள் அந்த வழக்கம் மறைந்துவிட்டது. பகலில் பத்துக் கை தூக்கட்டும், ராத்திரி அம்மா அப்பாவிடம் இருக்கட்டும்.

கேள்வி: கடைசியில் எல்லாமே தோற்றுத்தானே போகிறது?

நிறைய தோற்றிருக்கின்றன. ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டிஷ் ஆலை முதலாளி 1825-இல் அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஹார்மனி என்ற குடியிருப்பு இரண்டு வருடத்தில் கலைந்தது, வந்தவர் போனவரையெல்லாம் சேர்த்துக்கொண்டது ஒரு பெரிய காரணம். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1971-இல் தொடங்கிய 'தி ஃபார்ம்' என்ற குழு வேறு மாதிரி. கடன் முற்றியதும் 1983-இல் பொதுப் பணப்பெட்டியைக் கைவிட்டு, அவரவர் சம்பாதித்து மாதச் சந்தா கட்டுங்கள் என்றார்கள், பாதிக்கு மேல் கிளம்பிப் போய்விட்டார்கள். ஆனால் நிலம் இன்னும் பொதுவில்தான் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: எனக்கு ஆசை, மனைவிக்குத் துளியும் இல்லை. நான் மட்டும் போகலாமா சார்?

ஒரே ஒருவரைச் சம்மதிக்க வைக்க முடியாதவர் முப்பது பேர் உட்காரும் கூட்டத்தில் என்ன செய்வீர்கள்? சரி, விளையாட்டு போகட்டும். இருவருமாக ஏதாவது ஒரு குழுவில் மூன்று வாரம் விருந்தினராகத் தங்கி, பாத்திரம் தேய்த்து, கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிளம்பும்போது, அங்கிருந்து விலகிப் போன ஒன்றிரண்டு பேரின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிற குழுவில் சேராதீர்கள்.