உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு?

இதயம் செலுத்தும் இரத்தம் நாளங்களின் சுவரின்மேல் கொடுக்கும் விசையே இரத்த அழுத்தம். ஓய்வாக அமர்ந்து, வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அல்லது அதற்கும் மேல் இருந்தால் அதை உயர் இரத்த அழுத்தம் என்கிறோம்.

உப்பிலுள்ள சோடியம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. மிகுதியாக வரும் சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றத் திணறும்போது, இரத்தத்தின் அளவு கூடி, அதே நாளங்களுக்குள் கூடுதல் திரவம் ஓட வேண்டியதாகிறது. தோட்டத்து ரப்பர் குழாயில் மோட்டார் தண்ணீரை முழுவதுமாகத் திறந்துவிட்டால் குழாய் விறைத்து நிற்குமே, ஏறக்குறைய அந்த நிலைதான்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, தயிர்சாதத்துக்கு ஊறுகாயும் பொரித்த மோர்மிளகாயும் அப்பளமும் வைத்துக்கொள்கிறவர்கள் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடையும், எடைக் குறைப்பும், மதுவைத் தவிர்ப்பதும் அழுத்தத்தைக் குறைக்கும். ஆயினும் மருத்துவர் தந்த மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்.