வெளிநாட்டுக் கூட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் குழுவாகப் போகிறீர்களா? கேள்வி பதில்

மாணவர் குழுக்களைக் கல்விப் பயணம் அழைத்துச் செல்லும் பேராசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மாணவர்: மேடம், எங்கள் குழு பத்து நாள் ஜெர்மனி போகிறது. விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர 45 நாள்கூட ஆகலாம் என்பதால் கடைசி நேரம்வரை இழுக்காதீர்கள். ஷெங்கன் நாடுகளை விட்டு நீங்கள் ஊர் திரும்பக் கிளம்பும் தேதிக்கு அப்புறமும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அழைப்புக் கடிதத்தில் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா என்றும் பாருங்கள்.

ஒருங்கிணைப்பாளர்: போன முறை வளாகத்தைச் சுற்றிக்காட்டியதோடு சரி. இந்த முறை உருப்படியாக என்ன செய்யலாம்?

வேலையைக் கிளம்பும் முன்பே தொடங்குங்கள், சார். நீங்கள் போகும் பல்கலைக்கழகத் துறையினர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒவ்வொரு மாணவரும் படித்து, ஒரு கேள்வி எழுதட்டும். "உங்கள் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?" என்பதற்குப் பதில் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். "தண்ணீரில் ஈயத்தை அளக்க இந்த முறையை ஏன் எடுத்தீர்கள், மற்றதில் என்ன சிக்கல்?" என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், அவர்களும் தயாராக வருவார்கள்.

நிகழ்ச்சி நிரலில் விரிவுரைகளைக் குறைக்கச் சொல்லுங்கள். நம் மாணவர் இருவர், அவர்கள் இருவர், ஒரே கருவி, ஒரே அளவீடு என்று அரை நாள் கிடைத்தால் போதும், கூச்சம் தானாக விலகும். என்னைக் கேட்டால் பயணத்தின் உயிரே அந்த அரை நாள்தான். போய் இறங்கிய அன்று மட்டும் வகுப்பு வேண்டாம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

மாணவி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, மேடம். வாயே திறக்காமல் வந்துவிடுவேனோ?

பயப்படாதேம்மா. அங்கேயும் பலருக்கு அது இரண்டாம் மொழிதான். உன் ஆய்வைப் பற்றி மூன்று வாக்கியம் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள். புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாணவர்: அங்கே வைஃபை கிடைக்குமா?

உங்கள் கல்லூரியில் எடுரோம் (பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை சேவை) இருந்தால் அதே கணக்கு அங்கும் வேலை செய்யும். ஆனால் இங்கேயே போனில் அமைத்து, ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

மாணவி: இதற்குக் கிரெடிட் தருவார்களா?

போகும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் முறையான இசிடிஎஸ்-இல் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு மட்டுமல்ல, படிப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் அதில் சேரும். முன்தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள்.